ரொஸ்வொல் வளவுக்காரர்

ஜனவரி 16, செவ்வாய்

ஆரபிக்குக் கலியாணம் சரி வந்துவிட்டது. ஜூன் பதினைந்து, சனிக்கிழமை. மாப்பிள்ளை சிண்ட்ரே ரொஸ்வொல், நோர்வேக்காரன். இரண்டு வருடமாக வீட்டுக்கு வந்து போகிறவன். நான் வைக்கும் மீன்குழம்பை மூக்கால் வடிய வடிய இன்னொரு தரம் கேட்டுச் சாப்பிடுவான். நல்ல பிள்ளை. ஒரே மகளை இப்படி ஒருவன் கையில் கொடுப்பதற்கு நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல் ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்து மகேசண்ணையிடம் சொன்னேன். அப்பா போன பிறகு எனக்கு அப்பாவாக நின்றவர் அண்ணைதான். ஆரபியின் அப்பாவும் இப்போது இல்லை. புருசன் இல்லாதவள் மணவறையில் இருந்து பெண்ணைத் தாரை வார்க்க முடியாது என்பது எங்கள் ஆட்களின் சட்டம். அண்ணையும் அண்ணியும் வந்து தண்ணீர் வார்த்துப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுத்தால்தான் எனக்கு அது கலியாணம். இல்லாவிட்டால் வெறும் விருந்து.

"என்ன ஆக்கள்?" என்று கேட்டார் அண்ணை.

"நோர்வேக்காரர் அண்ணை."

"அது எனக்குத் தெரியாதே? நோர்வேக்காரருக்குள்ளை என்ன ஆக்கள்? அவையளுக்குள்ளையும் மேலை கீழை இருக்கும் தவம். கண்ட நிண்டவைக்கு என்னாலை பிள்ளையைத் தாரை வார்க்கேலாது. சொல்லிப்போட்டன்."

என் வாய் சும்மா இருந்ததா? "காணி பூமி உள்ள ஆக்கள் அண்ணை. ரொஸ்வொல் எண்டு பெரிய வளவு. அந்தப் பேரைத்தான் வைச்சிருக்கினம்" என்று சொல்லிவிட்டேன்.

பொய் இல்லை. போன கோடையில் பிள்ளைகளுடன் காரில் போனபோது அந்தப் பெயர்ப்பலகையை என் கண்ணாலேயே பார்த்தேன். சிவப்பு மாட்டுத் தொழுவம், பச்சைப்பசேலென்று புல்வெளி, கீழே கடல். ஊரில் ஒருவரைப் புளியடி வளவார் என்றால் புளியடி வளவு அவருடையது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஜனவரி 28, ஞாயிறு

ஒஸ்லோ ஐயரோடு கதைத்தேன். தாரை வார்க்கும்போது இரண்டு பக்கத்திலும் மூன்று தலைமுறைப் பெயர் சொல்லவேண்டும்: பூட்டன், பாட்டன், தகப்பன். நோர்வேக்காரனென்றாலும் சொல்லத்தான் வேண்டும் என்கிறார்.

ஆரபியிடம் கேட்டேன். தகப்பன் ஓட்வார், பாட்டன் நில்ஸ், பூட்டன் ஆண்டர்ஸ் என்று உடனே சொன்னாள். அதற்கு மேல் கேட்டதற்கு, "ஓட்வாரிட்டையே கேளுங்கோவன் அம்மா. அவருக்கு எல்லாம் தெரியும், கேட்டால் சந்தோசப்படுவார்" என்கிறாள். இங்கே பிறந்த பிள்ளைக்கு என்ன விளங்கும்? சம்பந்தியிடம் நேரே போய் நீங்கள் என்ன ஆட்கள் என்று எவளாவது கேட்பாளா? எங்கள் ஊரில் அயலட்டையில்தான் விசாரிப்போம். கிணற்றடியில் ஒருத்தி, கோயில் வீதியில் ஒருத்தி. இரண்டு நாளில் ஏழு தலைமுறையும் வந்துவிடும். இந்த ஊரில் கிணற்றடிக்கு நான் எங்கே போக?

பிப்ரவரி 5, திங்கள்

கிணற்றடி கிடைத்துவிட்டது. நூல்நிலையத்தில் திங்கள் பின்னேரங்களில் தங்கள் வம்சம் தேடுகிறவர்கள் கூடுகிறார்கள். பழைய தேவாலயப் பதிவேடுகள் எல்லாவற்றையும் படம் பிடித்துக் கணினியில் போட்டிருக்கிறது அரசாங்கம். யாரும் பார்க்கலாம்.

பாதிரிமார் ஒன்றும் விட்டுவைக்கவில்லை. யார் பிறந்தது, யார் செத்தது, யாருக்கு அம்மைப்பால் கட்டியது, யார் எந்த வீட்டில் வேலைக்கு நின்றது, வேதபாடம் கேட்டபோது எந்தப் பிள்ளை மொக்கு, எல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஊர்க்கணக்கெல்லாம் வைத்திருந்த எங்கள் விதானையார் தோற்றுப் போவார். ஆனால் எழுத்துத்தான் எழுத்தா அது? மயிர்க்கொட்டி ஊர்ந்தது மாதிரி இருக்கிறது. வென்கே என்று ஒரு பெண், பல் வைத்தியரிடம் வேலை பார்த்து ஓய்வெடுத்தவள், என் வயதுதான் இருக்கும், பக்கத்தில் இருந்து எழுத்துக் காட்டித் தந்தாள். இவர்கள் எல்லோரும் என்னோடு நோர்வே மொழியில்தான் பேசுகிறார்கள். நான் இங்கே என் பாஷையில் எழுதிக்கொள்கிறேன்.

ஒரு கூத்து நடந்தது. ஒரு மனுசர் தன் பாட்டனுக்குப் பாட்டன் ஆடு களவெடுத்து மறியலில் அடைபட்டுக் கிடந்ததைக் கண்டுபிடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் கேக் வாங்கிவந்து வெட்டிக் கொடுத்தார். எங்கள் சனமென்றால் பதிவேட்டுக்கு நெருப்பு வைத்திருக்கும். கேக்கை நானும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 19, திங்கள்

கண்டுபிடித்தேன். நானே, ஒருவரையும் கேளாமல்.

ஆண்டர்ஸ், பிறந்தது 1884. அவருக்கும் தகப்பன் ஒரு நில்ஸ் ரொஸ்வொல். தொழில் என்ற இடத்தில் பண்ணைச் சொந்தக்காரர் என்று போட்டிருக்கிறது. அந்தச் சொல்லை இப்போது தூக்கத்தில் காட்டினாலும் வாசிப்பேன். அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். நில்ஸின் தகப்பன், அவருக்குத் தகப்பன், எல்லோரும் அதே பண்ணை, எல்லோரும் சொந்தக்காரர். ஆயிரத்து அறுநூறுகள் வரைக்கும் போகிறது. மாடு, குதிரை, கடலில் மீன்பிடி உரிமை, தேவாலயத்தில் முன்வரிசை வாங்கு.

வீட்டுக்கு வரும்போது மழையில் குடையை விரிக்கவும் மறந்துபோனேன். அண்ணைக்கு எழுத வேண்டும்.

பிப்ரவரி 22, வியாழன்

நான் எழுதி அனுப்பியதை அண்ணை இரண்டு தரம் வாசித்தாராம். எங்கள் ஊர்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். "நானூறு வருசத்துப் பண்ணைக்காரர். எங்களை விடப் பழைய ஆக்கள் தவம். நீ கெட்டிக்காரி" என்றார். அண்ணை என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னது இது இரண்டாம் தரமா, முதல் தரமா என்று யோசித்தேன். டிக்கெட் போட்டுவிட்டார். அண்ணிக்குப் பட்டுச்சேலை எடுக்கிறார்களாம்.

மார்ச் 4, திங்கள்

கூடுதலாக ஒரு வேலை பார்க்காமல் வீட்டில் இருந்திருக்கலாம். என் ஆசை விடவில்லை. அண்ணை கலியாணத்தில் வாசிக்கப் பெரிதாக ஒன்று எழுதித் தரும்படி கேட்டதால், மேலும் ஏதாவது கிடைக்குமா என்று போனேன்.

வென்கே என் தாளைப் பார்த்து, "ஆண்டர்ஸின்ர கலியாணப் பதிவைப் பாத்தனீங்களோ? அதிலை பிறந்த நாள் இருக்கும். சரிபாக்கவேணும்" என்றாள். பார்த்தோம். நாள் பொருந்தவில்லை. சிண்ட்ரேயின் பூட்டன் பிறந்தது மே மாதம். நான் பிடித்த ஆண்டர்ஸ் பிறந்தது பிப்ரவரி. வென்கே சாவுப் பக்கத்தைத் திருப்பினாள். பண்ணைக்காரரின் ஆண்டர்ஸ் பிறந்த வருடமே குக்கல் இருமல் வந்து செத்துப்போயிருக்கிறான்.

அதே வருடம், அதே ரொஸ்வொல், இன்னொரு ஆண்டர்ஸ். மே மாதம். தாய் மரித், வேலைக்காரி. தகப்பன் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கீறு. பக்கத்தில் பாதிரியார் ஒரு சொல் எழுதியிருக்கிறார். அதற்கு அர்த்தம் நான் வென்கேயைக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள், முறை தவறிப் பிறந்த பிள்ளை என்று.

"அப்ப அவனுக்கு எப்பிடி ரொஸ்வொல் எண்ட பேர்?" என்று கேட்டேன்.

"இருந்த இடம் அதுதானே. அந்த நாளையிலை ஆர் அந்தப் பண்ணையிலை இருந்தாலும் அந்தப் பேர்தான். சொந்தக்காரனுக்கும் அதுதான், மாடு கட்டிறவளுக்கும் அதுதான். வேறை பண்ணைக்குப் போனால் பேரும் மாறும். விலாசம் மாதிரி."

நான் கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 5, செவ்வாய்

வேலைக்குப் போனேன். வந்தேன்.

மார்ச் 11, திங்கள்

போகக்கூடாதென்று நினைத்தேன், போனேன். மரித்தின் சாவைப் பார்த்தேன். 1897. இடம் ரொஸ்வொல். தொழில் என்ற இடத்தில் புதிதாக ஒரு சொல். வென்கே விளங்கப்படுத்தினாள். ஏலாதவர்களையும் வறியவர்களையும் ஊரார் முறை வைத்துப் பார்ப்பார்களாம். ஒரு பண்ணையில் சில நாள், அடுத்த பண்ணையில் சில நாள். சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்து, முறை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். அப்படி வீடு வீடாகக் கொண்டு திரிந்தவள் மரித். ரொஸ்வொல்லின் முறை வந்தபோது செத்திருக்கிறாள்.

வென்கே என் தோளில் தட்டி, "நல்ல காலம், அவளைக் கண்டுபிடிச்சிட்டீங்கள். இப்பிடியான சனத்தைத் தேடிப் பிடிக்கிறது லேசில்லை" என்றாள். சந்தோசமாகச் சொன்னாள். எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. நான் அனுப்பியதை அண்ணை முந்நூறு பேருக்குக் காட்டிவிட்டார். இப்போது உண்மையைச் சொன்னால் டிக்கெட்டைக் கிழித்துப் போடுவார். அவரை எனக்குத் தெரியும். மாப்பிள்ளை கீழான ஆட்கள் என்று, சித்தப்பாவின் பேத்தி கலியாணத்துக்கு வாசல் மட்டும் போய்த் திரும்பியவர்.

ஒருவருக்கும் சொல்லப் போவதில்லை. கலியாணம் முடியட்டும்.

மார்ச் 24, ஞாயிறு

ஓட்வார் வந்திருந்தார். தானே புகை போட்ட மீன் கொண்டுவந்தார். பெரிய ஆள், ஃபெரிக் கப்பலில் இயந்திரம் பார்த்து ஓய்வெடுத்தவர், கதிரையில் இருக்கும்போதுகூட உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து இருப்பார். மனைவி காலமாகிவிட்டார். ஆரபியும் சிண்ட்ரேயும் நின்றார்கள். மண்டப அலங்காரம் பற்றிக் கதைத்தோம். எல்லோருக்கும் கோப்பி ஊற்றினேன். ஓட்வாருக்குக் கடதாசிக் கப்பில் கொடுத்தேன், கப் கழுவாமல் கிடந்தது.

ஆரபி எனக்குப் பின்னால் குசினிக்குள் வந்து அலுமாரியைத் திறந்து காட்டினாள். "இவ்வளவு கப் கிடக்கு. ஏனம்மா அவருக்கு மட்டும் கடதாசி?"

"சுடுகுது, பெரிய கையாலை பிடிக்க வசதியாயிருக்கும் எண்டு நினைச்சன்" என்றேன்.

அவள் அலுமாரிக் கதவைச் சாத்தினாள். ஓட்வார் போகும்போது கடதாசிக் கப்பை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, கோப்பி நல்லாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். மீன் நல்ல உருசி. நான் சாப்பிடவில்லை, ஆரபிக்குக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை வருசம் நேற்று. கைவிசேடம், பலகாரம், கோயில். அண்ணை வாழ்த்துச் சொல்ல எடுத்து, "ரொஸ்வொல் வளவுக்காரர் எப்பிடி இருக்கினம்?" என்று கேட்டார். சுகம் என்றேன்.

மே 13, திங்கள்

கெட்ட காலம் வரும்போது தனியே வராதாம். நோர்வேக்காரரின் கலியாண விருந்தில் மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பிப் பேசவேண்டும். அது அவர்களுக்குத் தாலி மாதிரி. ஓட்வார் தன் பேச்சை எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறார். அண்ணைக்கும் மற்ற வயதானவர்களுக்கும் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

பேச்சு முழுக்க மரித்.

மனுசருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அதே பக்கத்தை அவரும் பார்த்திருக்கிறார். வேலைக்காரி, தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை, வீடு வீடாகத் தள்ளிவிட்டது, பதிவேட்டில் உள்ளது ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறார். ஊரைக் கூட்டிவைத்து, மைக்கில்.

மே 16, வியாழன்

ஓட்வார் வீட்டுக்குப் போய்வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"பேச்சு நல்ல பேச்சு. ஆனால் எங்கட வழக்கத்திலை கலியாண நாளிலை செத்தவையைப் பற்றிக் கதைக்கிறேல்லை. வறுமையைப் பற்றியும் கதைக்கிறேல்லை. பிள்ளையளுக்குக் கூடாது" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கோபத்தில் இல்லை. "எனக்குத் தெரியாமல் போச்சு. முதலே கேட்டிருக்கவேணும். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பேனையை எடுத்து ஒவ்வொரு வரியாகக் கீறிக்கொண்டு போனார். கடைசியில் பிள்ளைகளை வாழ்த்துகிற இரண்டு வரிதான் மிஞ்சியது. "இது காணுமோ?" என்று கேட்டார்.

காணும், இவ்வளவு போதும் என்றேன். வாசல் மட்டும் வந்து வழியனுப்பினார். மழை தூறியது, தன் குடையைத் தந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

அண்ணையும் அண்ணியும் வந்து சேர்ந்தார்கள். பெட்டி நிறையப் பலகாரம். அண்ணை ஆரபியின் தலையில் கைவைத்து அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவர் கெட்ட மனுசர் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

நேற்று கலியாணம். எழுதாமல் விட்டால் நான் எனக்கே மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

காலைச் சடங்கு வடிவாக நடந்தது. சிண்ட்ரே பட்டு வேட்டியில் குளிரில் நடுங்கிக்கொண்டு இருந்தான். நான் மணவறைக்கு எட்ட, மூன்றாம் வரிசையில் இருந்தேன். பக்கத்தில் ஓட்வார். அண்ணையும் அண்ணியும் பிள்ளையின் கையைச் சிண்ட்ரேயின் கையில் வைத்துத் தண்ணீர் வார்க்கும்போது ஐயர் பெயர்களை உரத்துச் சொன்னார். ஆண்டர்ஸின் பூட்டப்பிள்ளை, நில்ஸின் பேரன், ஓட்வாரின் மகன். ஒரு முறையில்லை, மூன்று முறை சொன்னார்.

ஓட்வார் நிமிர்ந்தார். "ஆண்டர்ஸ் எண்டா சொன்னவர்?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம்."

"என்ர தாத்தாவோ?"

"ஓம். மூண்டு தலைமுறைப் பேர் சொல்லுறது வழக்கம்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. செத்தவர்களைப் பற்றிக் கலியாண நாளில் வாய் திறப்பதில்லை என்று இதே வாயால்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. கைலேஞ்சி எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வழக்கம்" என்றார்.

பின்னேரம் விருந்து. ஓட்வார் எழும்பித் தன் இரண்டு வரியைச் சொன்னார், நான் தமிழில் சொன்னேன், முடிந்தது. தப்பினேன் என்று மூச்சு விட்டபோது அண்ணை மைக்கை வாங்கினார். வாசிக்க வேண்டாம், நேரமில்லை என்று நான் முதலே சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. நான் பிப்ரவரியில் எழுதி அனுப்பியதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்திருந்திருக்கிறார். ரொஸ்வொல் குடும்பம் நானூறு வருடப் பண்ணைக்காரர். ஊருக்குப் படியளந்தவர்கள். அவர்களிடம் கைநீட்டாத ஏழை அந்தப் பக்கத்தில் இல்லை. கடைசி வரி நான் எழுதியதில்லை, அண்ணை சேர்த்தது. ஆனால் அதற்கு இடம் வைத்துக் கொடுத்தவள் நான்.

மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் இருந்த பாதியில் ஒரு கரண்டிச் சத்தம் இல்லை. நோர்வேக்காரர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிண்ட்ரே பாதி எழும்பினான். ஓட்வார் என்னைப் பார்த்தார். நான் எதற்காக அவருடைய பேச்சை வெட்டச் சொன்னேன் என்பது அந்த நிமிடத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. அவர் முகத்தில் அது வந்ததை நான் பார்த்தேன். பிறகு அவர் எழும்பி, கிளாஸைத் தூக்கி அண்ணையின் பக்கம் காட்டினார். அந்தப் பக்கம் இருந்த எல்லோரும் எழும்பித் தூக்கினார்கள். அண்ணைக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

நான் கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்தேன். அதன் பிறகு என்ன பரிமாறினார்கள் என்று தெரியாது.

ஜூன் 19, புதன்

அண்ணை ஆட்கள் காலையில் பயணம். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனம் நிறைஞ்சு போறன் தவம்" என்றார்.

பின்னேரம் ஆரபி வந்தாள். சப்பாத்தும் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"மாமாக்கு அதை எழுதிக் குடுத்தது நீங்களோ?"

"ஓம்."

"உங்களுக்கு உண்மை எப்ப தெரியும்?"

"மார்ச்சிலை."

"கடதாசிக் கப்பும் மார்ச்சிலைதான்" என்றாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பியிருப்பேன்.

"சிண்ட்ரே எழும்பி அது பொய் எண்டு சொல்லப் போனவன். ஓட்வார்தான் கையைப் பிடிச்சு இருத்தினவர். பிறகு ஒவ்வொரு மேசையாப் போய்த் தன்ர ஆக்களுக்கு, ஆரும் ஒண்டும் கேக்கக் கூடாது எண்டு சொன்னவர். தெரியுமோ அம்மா, ஏனெண்டு? ஆரபியின்ர அம்மாக்கு அவையின்ர ஆக்களுக்கு முன்னாலை வெக்கக்கேடு வரக்கூடாதாம்."

அவ்வளவு பேரும் எனக்காகத்தான் கிளாஸைத் தூக்கியிருக்கிறார்கள். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"நான் உங்களோடை கோவமில்லை" என்றாள் ஆரபி. "ஆனால் எனக்குப் பிறக்கப்போற பிள்ளையும் மரித்தின்ர பிள்ளைதான். அதுக்கு நீங்கள் எந்தக் கப்பிலை பால் குடுப்பீங்கள் எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்."

போய்விட்டாள்.

ஜூன் 20, வியாழன்

வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் தேடினேன், இல்லை. மரித்தை நினைத்து வெட்கப்பட்டேன் என்று மார்ச் மாதம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்பிள்ளை என்ன செய்தாள்? பிள்ளை பெற்றாள், பசித்தாள், செத்தாள். பொய் எழுதியவள் நான்.

ஜூன் 22, சனி

ஓட்வார் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் உருளைக்கிழங்குக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கோ, கோப்பி போடுறன்" என்றார். ஒன்றும் நடக்காத மாதிரி. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

குசினி மேசையில் இருந்து, மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனதை எல்லாம் மறந்து, "நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். வழக்கம் எண்டது பொய். உங்கட ஆக்களைச் சொல்ல எனக்கு வெக்கமாயிருந்தது" என்றேன்.

"தெரியும்" என்றார். சீனி போடவா என்று கேட்டார். போடச் சொன்னேன்.

"நீங்கள் வெட்டின பேச்சை எனக்குச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டேன்.

தாளை எறிந்துவிட்டாராம். ஆனால் சொன்னார். அவருடைய தாத்தா ஆண்டர்ஸ் சொல்லக் கேட்ட கதை அது, எழுத்தில் அனுப்பியபோது பாதிதான் எழுதியிருந்தார். மரித்தை ஒரு பண்ணைக்காரர் எல்லைக் கல்மதில் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்களாம். அடுத்த பண்ணையார் வந்து கூட்டிப்போகும் வரைக்கும் அவள் அந்தக் கல்லில் இருப்பாள். ஆண்டர்ஸ் வேறொரு பண்ணையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். தாய் இப்போது எந்த வீட்டில் என்று ஆட்களிடம் விசாரித்து விசாரித்து ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவான். ஒருமுறை விசாரித்தபோது, ரொஸ்வொல்லில் இருக்கிறாள் என்றார்கள். போனபோது அடக்கம் முடிந்திருந்தது.

"பிறகு அவர் கடலுக்குப் போகேக்கை கப்பலிலை பேர் கேட்டவை" என்றார் ஓட்வார். "அவர் அப்ப ரொஸ்வொல்லிலை இல்லை. பிறந்தது அங்கை எண்டாலும் வளந்தது எத்தினையோ இடத்திலை. எந்தப் பேரையும் சொல்லியிருக்கலாம். அம்மா கடைசியாக் கிடந்த இடம் எண்டு அந்தப் பேரைச் சொன்னவர். அதுதான் எங்கட பேர்."

பெயர்ப்பலகையைக் காரில் இருந்து பார்த்துவிட்டு வளவுக்காரர் என்று நான் அண்ணையிடம் பீற்றிய பெயர் அது. அழுதேன். ஓட்வார் என்ன செய்வதென்று தெரியாமல் பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்துத் தந்தார்.

முகத்தைத் துடைத்துவிட்டு, அங்கேயே இருந்து ரொறன்ரோவுக்கு எடுத்தேன். அண்ணைக்கு அங்கே காலை, தேத்தண்ணி நேரம். தொலைபேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டேன், ஓட்வாருக்குத் தமிழ் விளங்காது என்றாலும் அவருக்குத் தெரியாமல் இனி ஒன்றும் கதைக்கக் கூடாது என்று. எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு ஆண்டர்ஸ், வேலைக்காரி மரித், தகப்பன் இடத்தில் கீறு, எல்லை மதில், பெயர். நான் எழுதி அனுப்பியது பொய் என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன். கலியாணத்தில் தமிழில் சொல்லித் தரும்படி ஓட்வார் கேட்டதைத்தான், ஒரு கிழமை பிந்தி, சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பின்னால் அண்ணி ஏதோ கேட்க, பேசாமல் இரு என்றார். பிறகு கேட்டார்:

"அப்ப நான் பிள்ளையை ஆருக்குத் தாரை வார்த்தனான்?"

குரலில் கோபம் இருந்தது. அதைவிட இன்னொன்றும் இருந்தது. நாலு பேர் முன்னால் வேட்டி அவிழ்ந்தவனின் குரல் அது. அவரை அப்படி நிற்கவைத்ததும் நான்தான்.

ஓட்வார் என்னைப் பார்த்தார். "உங்கட அண்ணர் என்ன சொல்லுறார்?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். சுகம் கேட்கிறார் என்று சொல்லியிருக்கலாம். வாய் அந்தப் பக்கம் போகத்தான் பார்த்தது.

"பிள்ளையை ஆருக்குக் குடுத்தனான் எண்டு கேக்கிறார்" என்றேன். "உங்களைப்போல ஆக்களுக்குக் குடுக்கமாட்டன் எண்டு முதலே சொன்னவர். அதுக்காகத்தான் நான் பொய் எழுதினனான்."

அவர் மேசையில் சிந்திய கோப்பியை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். அவமானப்பட்ட முகமாகத் தெரியவில்லை. அண்ணை உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு, சரியான பதிலைத் தேடுகிறவர் மாதிரி இருந்தார்.

"சிண்ட்ரேக்கு" என்றார். "சிண்ட்ரேக்குத்தான் குடுத்தவர் எண்டு சொல்லுங்கோ."

அண்ணை இன்னும் லைனில்தான் இருந்தார். சொன்னேன்.